அரை டாக்டருக்கு வந்த பல்வலி

காலையில் ஷட்டர் ஏறியதும் அந்த மருந்துக்கடை வாசலில் ஒரு கூட்டம் கூடிவிடும். ஒருவர் இருமிக் காட்டுவார். ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவார். இன்னொருவர் கன்னத்தை விரலால் இழுத்து, நடுத்தெருவில் நிற்கிறோம் என்கிற கூச்சம்கூட இல்லாமல், வாயை ஆவென்று பிளந்து காட்டுவார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கடைவாய்ப் பல்லா? சரி சரி, மூடுங்க" என்பார். கத்தரிக்கோலை எடுத்து ஆன்டிபயாடிக் அட்டையில் ஒரு மூலையை வெட்டிக் கொடுப்பார். டாக்டர் சீட்டு எங்கே என்று அவர் கேட்டதை அந்தத் தெருவில் யாரும் காதால் கேட்டதில்லை. தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அரை டாக்டர்'. முழு டாக்டரிடம் போனால் காத்திருக்க வேண்டும், ஊசி போடுவார், பல்லைப் பிடுங்குவார். அரை டாக்டரிடம் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

அன்று அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், தோளில் கருவிப் பையோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுவதும் குழாய் பொருத்துவதும் அவருடைய தொழில். அவரும் அவருடைய தம்பியும் எப்போதும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள் என்பதால், அண்ணனுக்குப் 'பெரிய டேங்க்', தம்பிக்குச் 'சின்ன டேங்க்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சின்ன டேங்க் இப்போது இல்லை. போன கோடையில் செத்துப்போனான். அவனைக் கொன்றது இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் ஆள்தான் என்பதில் பெரிய டேங்க்குக்குச் சந்தேகமே இல்லை. 'இருடா, உன் கடையையே மூழ்கடிக்கிறேன்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே தம் முறைக்காகக் காத்திருந்தார்.

அவர் கறுவியதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோடை வந்தால் தொட்டி கழுவுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தச் சமயம் பார்த்துத்தான் தம்பிக்குக் கீழ்த்தாடையில் ஒரு சொத்தைப் பல் வலிக்க ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போகச் சொல்லி அவன் மனைவி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். "போனா பிடுங்கிடுவாங்க. பிடுங்கினா கண்ணு மங்கிடுமாம்" என்று அவன் நழுவினான். தேளும் பூரானும் கிடக்கிற இருட்டுத் தொட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறவன், பல் பிடுங்குகிற ஒரு குறட்டுக்குப் பயந்தான். அண்ணனுக்கும் அவன் ஒரு நாள் வராவிட்டால் வேலை ஓடாது. ஆகவே அவரே அரை டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி வந்தார்.

போட்டதும் வலி விட்டது. வலி விட்டதும் தம்பி மாத்திரையை நிறுத்தினான். மிச்சத்தை, அடுத்த தடவைக்கு ஆகும் என்று சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். அடுத்த தடவையும் வந்தது. மறுபடி கொஞ்சம் மாத்திரை, மறுபடி நிறுத்தம். கோடை முழுக்க இதே கதைதான். கடைசியில் தாடைக்கு அடியில் கல்போல வீங்கியது. வாய் திறக்கவில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் ஒழுகவிட்டான். அப்போதும் பெரிய டேங்க் ஓடியது அரை டாக்டரிடம்தான். "பவர் கூடினதா தர்றேன். காலையில சரியாயிடும்" என்றார் அவர். காலையில் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அடுத்து வந்த நாட்களில் மாற்றி மாற்றி ஏற்றிய மருந்துதான் ஒன்றும் பிடிக்கவில்லை.

அங்கே பல் அறுவை செய்கிற டாக்டரம்மா, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள் இல்லை. பெரிய டேங்க்கை நடைபாதை பெஞ்சில் உட்கார வைத்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"தண்ணித் தொட்டி கழுவுறேம்மா."

"தொட்டிச் சுவர்ல வழவழன்னு ஒரு படலம் பிடிக்குமில்ல? வெறும் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டா அது போயிடுமா?"

"போகாது. தேய்க்கணும். இல்லேன்னா மேலாப்புல இருக்கிறதுதான் சாகும். அடியில இருக்கிறது அப்படியே இருக்கும்."

"பல் வேர்லயும் அதே சங்கதிதான். கிருமிங்க ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு, தன்னைச் சுத்தி ஒரு வழவழப்பைப் பூசிக்கிட்டு உள்ளே உக்காந்திருக்கும். மாத்திரை அதுக்குள்ள சரியா இறங்காது. பல்லைத் திறந்து சுத்தம் பண்ணணும், இல்லேன்னா எடுத்துடணும். சீழை வெளியேத்தணும். அதையெல்லாம் விட்டுட்டு மாத்திரையை மட்டும் கண்டபடி போட்டுப் போட்டு நிறுத்தினா, சோப்ளாங்கி சாகும், தாக்குப்பிடிச்சது பெருகும். உங்க தம்பி உடம்புல இருக்கிற கிருமி எங்க வழக்கமான மருந்து எதுக்கும் அசையலைங்க."

பெரிய டேங்க் தம் வாடிக்கை வீடுகளை நினைத்துப் பார்த்தார். 'சும்மா பவுடரைத் தூவிட்டுப் போங்க' என்று சொன்ன எத்தனை வீட்டுக்காரர்களை அவர் திட்டித் தீர்த்திருப்பார். அப்படிச் சொல்கிற வீட்டுக்கு இரண்டாம் முறை போகவே மாட்டார். அப்படிப்பட்டவர் தம்பியின் வாய்க்கு மட்டும் கோடை முழுக்கப் பவுடரைத் தூவிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று பொழுது சாய்வதற்குள் தம்பி போய்விட்டான்.

தெருவில் அவன் சாவுக்கு 'விஷக்காய்ச்சல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மருந்துக்கடையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து, தம்பி மனைவியிடம் பெரிய டேங்க் பொருமினார்: "அந்தக் கடைக்காரன் கழுத்தை நெரிச்சாத்தாம்மா என் வயித்தெரிச்சல் அடங்கும்."

அவள் அழுது ஓய்ந்த முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவர் கொடுத்தார். வாங்கிட்டு வந்தது யாரு மாமா?"

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நம் மேலேயே நமக்கு வருகிற கோபத்தைத் தாங்க முடியாதபோது அதை வேறு யார் தலையிலாவது இறக்கி வைக்கத்தான் பார்ப்போம். அவரும் மொத்த ஆத்திரத்தையும் அரை டாக்டரின் தலையில் இறக்கினார்.

இப்போது அந்த அரை டாக்டரே, கடைக்கு மேலிருக்கும் தம் வீட்டுத் தொட்டியைக் கழுவ ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். கரும்பு தின்னக் கூலி கிடைத்த சந்தோஷம் பெரிய டேங்க்குக்கு. அந்தக் கட்டடத்துக் குழாய்கள் எல்லாம் அண்ணனும் தம்பியும் போட்டவை. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், மருந்துகளை அடுக்கி வைத்திருக்கும் பின்னறையின் கூரையை ஒட்டித்தான் போகிறது. அதில் ஓர் இணைப்பை லேசாகத் தளர்த்திவிட்டு வந்தால் போதும். கடை மூடியிருக்கிற நேரத்தில் தண்ணீர் இறங்கி, அத்தனை அட்டையும் புட்டியும் ஊறிக் கூழாகிவிடும். பழைய குழாய், விட்டுப்போச்சு என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அதற்கான ரெஞ்சைப் பையில் மேலாக எடுத்து வைத்துக்கொண்டுதான் அவர் வந்திருந்தார்.

கூட்டம் கலைந்து அவர் முறை வந்தது.

"தொட்டி கழுவ வந்திருக்கேங்க. மோட்டாரை நிறுத்தச் சொல்லணும்."

அரை டாக்டர் திரும்பினார். தாடையைச் சுற்றி ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். வாய்க்குள் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி, "மேல... வீட்ல சொல்லு" என்றார். சொல்லும்போதே கடைவாயில் எச்சில் வழிந்தது. துண்டு நுனியால் துடைத்துக்கொண்டார். துண்டு விலகிய இடத்தில், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே, தோல் சிவந்து விறைத்து வீங்கியிருந்தது.

"என்னாச்சுங்க?"

"பல்லு. மாத்திரை போட்டிருக்கேன். பவர் கூடினது. காலையில... சரியாயிடும்."

பெரிய டேங்க் அந்த வீக்கத்தை உற்றுப் பார்த்தார். அதே வீக்கம், அதே எச்சில், அதே வார்த்தை. இதன் அடுத்த கட்டம் என்ன என்று இந்தத் தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கடையைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். பாவிக்கு மூச்சு கொஞ்சம் வாங்குவதுபோலக்கூட இருந்தது. பெரிய டேங்க்கின் முகத்தில், தம்பி போன பிறகு முதல்முறையாக, ஒரு சிரிப்பு வந்தது.

"மாத்திரையை விடாம போடுங்க" என்றார் இதமாக. "உங்களுக்குத் தெரியாததா."

மாடிக்குப் போய்ப் பையைத் திறந்தார். ரெஞ்சை எடுத்து அடியில் போட்டார். இனி அது எதற்கு? குழாயைத் தளர்த்த வேண்டாம், கடையை மூழ்கடிக்க வேண்டாம், ஒரு பாவமும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இதைவிடச் சுலபமான பழி உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்? கிடைத்ததை விடுவதற்கு அவர் என்ன பைத்தியமா?

மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மூடியை நகர்த்தி, தொட்டிக்குள் இறங்கினார். உள்ளே இறங்குவது எப்போதும் தம்பியின் வேலை. சுவரெல்லாம் வழவழவென்று பிடித்திருந்தது. பிரஷ்ஷை வைத்து வெறிபிடித்தவர்போலத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க, வரப்போகும் நாட்களைக் கற்பனை செய்து ருசித்தார். ஷட்டர் இறங்கிய கடை. வாசலில் நாற்காலிகள். 'நல்லாத்தானே இருந்தாரு' என்கிற பேச்சு. அவரும் போவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, துக்கம் விசாரிப்பார். "பாத்தியாடா சின்னவனே" என்று முணுமுணுத்தார். தொட்டிச் சுவர் அந்த வார்த்தையை அவரிடமே திருப்பிக் கொடுத்தது. பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

"அண்ணே."

மேலே துவாரத்தில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அரை டாக்டரின் மனைவி.

"உள்ளதான் இருக்கீங்களா அண்ணே? சத்தமே காணோமேன்னு பயந்துட்டேன்."

"இருக்கேம்மா. நீங்க போங்க."

"இல்லண்ணே, நான் நிக்கிறேன். உள்ள ஆள் இருந்தா மேல ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்கணும்னு உங்க தம்பி போன வருஷம் சொன்னாரே. இன்னிக்கு நீங்க தனியா வந்திருக்கீங்க."

தொட்டி கழுவுகிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். மூடிய தொட்டிக்குள் மருந்து நெடியில் மூச்சு முட்டி ஒருவன் சாய்ந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் உள்ளே இருப்பவன் தேய்ப்பான். மேலே நிற்பவன் பேசிக்கொண்டே இருப்பான். சினிமாக் கதையோ, ஊர் வம்போ, கெட்ட வார்த்தையோ, எதுவானாலும் சரி. பதில் வரவில்லை என்றால் கையைக் கொடுத்துத் தூக்குவான். வாயை மூடிக்கொண்டு நிற்கிறவனைத் தொழிலில் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். அவனைக் கொலைகாரன் என்பார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பேச வேறு கதை இல்லை. இருந்த ஒரே கவலையைப் பேசினாள். "அவருக்குத்தான் ரொம்ப முடியலண்ணே. படுத்தா மூச்சு முட்டுதுன்னு விடிய விடிய உக்காந்தே இருந்தாரு. வெறும் தண்ணிகூட இறங்கல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, எனக்கே மருந்து சொல்றியான்னு கத்துறாரு. கத்தக்கூட முடியல பாவம், வாய் திறக்க மாட்டேங்குது. கேக்குதாண்ணே?"

"கேக்குது."

கேட்கத்தான் செய்தது. தன்னை விதவையாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவன் மூச்சு முட்டிச் சாகக்கூடாது என்று ஒருத்தி வெயிலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். பெரிய டேங்க் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதும் அவருக்கு அந்த ஆள் மேல் இரக்கம் வரவில்லை. வேறொன்று தோன்றியது. இவரும் செத்தால் என்ன சொல்வார்கள்? மாரடைப்பு என்பார்கள். சின்னவன் போனது விஷக்காய்ச்சலில், இவர் போனது மாரடைப்பில். மாத்திரை மேல் மட்டும் ஒரு பழியும் விழாது. இன்னொரு அரை டாக்டர் அதே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்பார். இது என்ன பழி? இதில் தம்பிக்கு என்ன கிடைத்தது?

ஈரக் காலோடு வெளியே ஏறி வந்தார். "செருப்பை மாட்டுங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் அவர் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே போய்விட்டார். "வாயைத் திறங்க."

அரை டாக்டர் முறைத்தார். திறக்க முயன்றும் பார்த்தார். ஒரு விரல்கூட நுழைகிற அளவுக்குத் திறக்கவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு ஊசி... போட்டா..."

"என் தம்பியும் இப்படித்தான் பேசினான். அடுத்த நாள் பேசல. வர்றீங்களா, இல்ல பையில ரெஞ்சு இருக்கு, அந்தப் பல்லை நானே தாடையோட கழட்டட்டுமா?"

விளையாட்டுக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பது அரை டாக்டருக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் வாயை எட்டிப் பார்த்தே பழகியவர், முதல்முறையாகத் தம் வாயை நினைத்துப் பயந்தார். ஆட்டோவில் ஏறினார்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. பார்த்த மாத்திரத்தில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கழுத்தைக் கீறிச் சீழை வடித்தார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள், பல்லை எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா, "கொஞ்சம் தாமதிச்சிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்" என்றார். சில நாள் கழித்துச் சொன்னார்: "வழக்கமான மருந்துக்கு இவர் கிருமியும் மசியல. வேற வழியே இல்லேன்னா எடுக்கணும்னு வெச்சிருக்கிற மருந்து ஒன்னு, அது பிடிச்சிருக்கு. அதையும் இப்படிக் கண்டபடி தின்னு தீர்த்துட்டா, அடுத்து வர்றவங்களுக்குக் கொடுக்க எங்க கையில ஒன்னும் இருக்காது."

அரை டாக்டர் கண் விழித்து உட்கார முடிந்த அன்று பெரிய டேங்க் பார்க்கப் போனார். கழுத்தில் குழாய் இருந்ததால் அந்த ஆளுக்குக் குரல் எழவில்லை. பெரிய டேங்க்கைக் கண்டதும் கண்ணில் நீர் முட்ட, இரண்டு கையையும் கூப்பினார்.

"கையைக் கீழ போடுங்க" என்றார் பெரிய டேங்க். "நான் உங்களைக் காப்பாத்தணும்னு கூட்டிட்டு வரல. நீங்க செத்துட்டா உங்களுக்கு எல்லாம் முடிஞ்சிடும். எனக்கு அது பத்தாது. மாத்திரையை விடாம போடுங்கன்னு அன்னிக்குச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நீங்க சாகணும்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

பக்கத்தில் நின்ற மனைவி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை.

"என் தம்பிக்கு நீங்க கொடுத்தப்போ கெட்டது நினைச்சுக் கொடுக்கல. எனக்குத் தெரியும். தெரியாம சொன்னீங்க நீங்க, தெரிஞ்சு சொன்னேன் நான். ஆனா பாருங்க, ரெண்டுக்கும் முடிவு ஒன்னுதான். கிருமி நம்ம நல்ல மனசையெல்லாம் பாக்காது. கொடுத்தவர் நீங்க, வாங்கினவன் நான், மிச்சம் வெச்சவன் அவன். மூணு பேருமா சேர்ந்து அதுக்கு மருந்தைப் பழக்கி வளர்த்துவிட்டிருக்கோம். உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகல. போகாது. நீங்க உயிரோட இருந்து, கழுத்துல விழப்போற தழும்பைக் காட்டி, சீட்டு இல்லாம வர்ற ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்பணும். 'போன வாரம் கொடுத்தீங்களே'ன்னு அவங்க திட்டுவாங்க. கடைக்கு வராம வேற கடைக்குப் போவாங்க. அத்தனையும் நீங்க வாங்கிக் கட்டிக்கணும். அதுதான் என் பழி."

அரை டாக்டர் தலை குனிந்தார். அந்த நேரத்தில் அவர் மனைவியின் கைபேசி அடித்தது. கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண் பேசினாள். மனைவி கேட்டுவிட்டுக் கணவரிடம் சொன்னாள்: "யாரோ ஒரு அம்மா பல்வலின்னு வந்திருக்காங்களாம். எப்பவும் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கட்டுமான்னு கேக்குறா."

அரை டாக்டர் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கழுத்துக் குழாயில் காற்றுதான் சீறியது. கூடாது கூடாது என்று இரண்டு கையையும் வீசினார். அந்தப் பக்கம் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? பெரிய டேங்க்கைப் பார்த்துக் கைபேசியைக் காட்டினார், கெஞ்சுகிறவர்போல.

பெரிய டேங்க் அதை வாங்கினார். "உங்க முதலாளி கொடுக்கக் கூடாதுங்கிறார். போனை அந்த அம்மாகிட்டயே கொடும்மா" என்றார். மறுமுனையில் ஒரு பெண் குரல் முனகிக்கொண்டு வந்தது.

"அம்மா, பல்லு வலிச்சா நேரா பல் டாக்டர்கிட்ட போங்க. மாத்திரை வலியைத்தான் அமுக்கும், வேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறதைக் கழுவாது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தா அவர் சொன்னபடியே போடுங்க. சீட்டு இல்லாம வாங்காதீங்க. வலி விட்டுடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. மிச்சம் வெச்சு வீட்ல இருக்கிறவங்களுக்குக் கொடுக்காதீங்க. இன்னிக்கே போங்க."

"நீங்க யாருங்க பேசுறது? டாக்டரா?"

பெரிய டேங்க் அரை டாக்டரின் கழுத்துக் குழாயைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "சீட்டு இல்லாம மாத்திரை வாங்கிக் கொடுத்தே கூடப்பிறந்த தம்பியைக் கொன்னவன்."